சுண்ணாம்பு காய்வதற்குள்

சுண்ணாம்பு ஈரமாக இருக்கிறவரை எதையும் மறைக்காது. காயக் காயத்தான் வெளுக்கும், வெளுத்த பிறகுதான் அடியில் இருப்பது கண்ணிலிருந்து போகும். வீட்டுக்கு வெள்ளையடித்த எல்லாருக்கும் தெரிந்த சங்கதிதான் இது. ஆனால் ஆயில் பெயிண்டின் மேல் சுண்ணாம்பு பிடிக்கவே பிடிக்காது, காய்ந்து வெளுத்து நின்றாலும் ஒரு வாளித் தண்ணீர் பட்டால் அடியில் இருப்பவன் எழுந்து வந்துவிடுவான் என்பது சுவரோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு மட்டும்தான் தெரியும். சுவரில் எழுதிப் பிழைக்கிற லூர்துமேரி இருபத்திரண்டு வருஷமாக நடத்துகிறாள். சாக்கடையிலிருந்து சுவரெழுத்துவரை வார்டு மொத்தத்தையும் காண்ட்ராக்ட் எடுத்திருக்கிற தங்கமாயன் ஒருநாளும் நடத்தியதில்லை. அதனால்தான் அந்த மனிதர் காலை ஏழு மணிக்கு, ரோட்டோரத்து மரங்களுக்கு அடித்து மிஞ்சிய சுண்ணாம்பை இரண்டு வாளியில் கொண்டுவந்து இறக்கி, "ஒம்பது மணிக்கு மெட்ராஸ்ல இருந்து பெரிய அதிகாரி சுத்தம் பாக்க வர்றாரு. அதுக்குள்ள இந்த மூஞ்சி இங்க இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அவளும் அடித்துவிட்டாள். ஒரே மூச்சாக, முக்கால் மணி நேரத்தில். இப்போது மணி எட்டு. எதிர்ச்சாரியில் அமீது பாய் டீக்கடை பெஞ்சில், விரலிடுக்கெல்லாம் சுண்ணாம்பு எரிய உட்கார்ந்துகொண்டு, தான் வரைந்த முகம் தன் கண் முன்னாலேயே போவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கொசுவலைக்குள் படுத்திருக்கிறவன் மாதிரி வீரணன் அந்த வெள்ளைக்குள்ளிருந்து பார்க்கிறான். இடது காது ஏற்கெனவே போய்விட்டது.

போகட்டும் என்றுதானே அடித்தாய், பிறகு என்ன உட்கார்ந்து துக்கம் கொண்டாடுகிறாய் என்று அவளே அவளைக் கேட்டாள். டீயில் ஆடை கட்டிவிட்டது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்று சொல்லிவைத்தார்கள். அந்தச் சுவர் யாருடையது என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள், வம்பே அங்கேதான். இந்த ஊரில் எந்தச் சுவர் சும்மா இருக்கிறது. தேர்தலுக்கு ஒரு வருஷம் முன்னாலேயே கட்சிக்காரர்கள் வந்து வெள்ளையடித்து, நான்கு மூலையிலும் கோடு இழுத்து, கட்சிப் பெயரையும் வருஷத்தையும் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அதோடு அது பஸ்ஸில் துண்டு போட்ட சீட்டு. வீட்டுக்காரன்கூட அதில் சாய யோசிப்பான். அந்த மூலைக்கோடுகளை லூர்துவே நூற்றுக்கணக்கில் இழுத்திருக்கிறாள், எல்லாக் கட்சிக்கும், பாரபட்சம் இல்லாமல். இந்த ஒரு சுவருக்கு மட்டும் எந்தக் கட்சியும் துண்டு போடவில்லை. கழிவுநீரை இறைத்துத் தள்ளுகிற பம்பிங் ஸ்டேஷனின் காம்பவுண்டுச் சுவர். மூக்கைப் பிடித்துக்கொண்டு யார் ஓட்டுக் கேட்பது. கட்சிகள் விட்டதை ஆண்பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். வேட்டியை ஒதுக்கிக்கொண்டு வந்து நிற்கிறவர்களுக்கென்றே ஆகிப்போனது. 'இங்கு சிறுநீர் கழிக்காதீர்' என்று அவளை எழுதச் சொன்னார்கள், எழுதினாள், எழுத்தின் மேலேயே கழித்தார்கள். சாமி படம் போட்டால் பயப்படுவான் என்று ஒரு பிள்ளையார், ஒரு பிறை, ஒரு சிலுவை என்று மும்மதத்தையும் வரிசையாக வரைய வைத்தார்கள். பக்தி குறையாமல் இரண்டடி தள்ளி நின்று கழித்தார்கள். அப்புறம் வந்தது வாசகங்களின் காலம். மரம் வளர்ப்போம், மழைநீர் சேகரிப்போம், பிளாஸ்டிக்கைத் தவிர்ப்போம், பெண் குழந்தையைக் காப்போம். எத்தனை 'போம்' எழுதியிருப்பாள் இந்தக் கையால். எழுதச் சொன்னவன் ஒருத்தனும் வளர்த்ததில்லை, சேகரித்ததில்லை. சுவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும், ஊர் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். முதுகைக்கூட இல்லை. சுவரடிச் சாக்கடைக் குழியில் இறங்கிச் செத்த வீரணனின் முகம் வந்த நாளிலிருந்துதான் இங்கே ஒரு சொட்டு விழவில்லை. ஐந்து மாதம். ஒருத்தன் வருவான், அவசரமாகத்தான் வருவான், நிமிர்ந்து அந்தக் கண்ணைப் பார்ப்பான், கீழே இருப்பதைப் படிப்பான், நடையைக் கட்டிவிடுவான். கீழே அவள் எழுதியதில் 'போம்' கிடையாது. 'வீரணன், வயது முப்பத்து நான்கு. இதோ இந்தக் குழியில் இறங்கினான். இறங்கச் சொன்னது யார்?' அவ்வளவுதான். மூன்று சாமிகளாலும் ஆகாததை அந்த ஒரு கேள்வி செய்தது. யாரும் சொல்லாமல், யாரும் கேட்காமல், நாற்பது சுவரில் மிஞ்சிய பெயிண்டைச் சேர்த்துவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையைக்கூட விட்டுவிட்டு வந்து அவளாக எழுதிய சுவர் அது ஒன்றுதான்.

ஒரே சுவர், அதையும் அவள் கையாலேயே மூடியாயிற்று. மெச்சிக்கொள்ள வேண்டியதுதான். அடிக்கும்போது வாயைத் திறக்காமல் அடித்தாளே, அதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. பயமும் இருந்தது, இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். காலையில் தங்கமாயனிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் பார்த்தாள். "அண்ணே, அஞ்சு மாசமா இருக்கு, யாருக்கு என்னண்ணே தொந்தரவு?" அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்தார். வெற்றிலைக் காவி தெரியச் சிரித்தார். "தொந்தரவா? ஒம் படம் எனக்கு ஒத்தாசைல்ல செஞ்சிருக்கு! விசாரணைல அதத்தான காட்டுனோம். கிளவுஸு, பூட்ஸு எல்லாம் குடுத்துத்தான்யா எறக்குனோம், இந்தா பாருங்க, அவன் செத்ததுக்கு அழுகுறவுகளே அப்படித்தான வரஞ்சு வச்சிருக்காகன்னு போட்டோவ எடுத்து நீட்டுனோம். பேச்சு முடிஞ்சிருச்சு. படம் வந்த வேலையும் முடிஞ்சிருச்சு தாயி. இப்ப அந்தக் கேள்விதான் கெடந்து உறுத்துது. அடிச்சு விட்டுரு." பிறகு வண்டியில் ஏறிக்கொண்டு, போகிற போக்கில், "மாட்டேன்னாலும் சொல்லிரு. வர்ற எலெக்சனுக்கு ஒனக்கு இந்த ஊர்ல ஒரு செவுரு கெடையாது. ஒன் வீட்டு வாசல்ல கோலம் போட வேண்டியதுதான்" என்றார். கடைசியில் சொன்னது உறைக்கவில்லை. முதலில் சொன்னதுதான் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. செத்தவனுக்காக வரைந்த படம் அவனைச் சாகடித்தவனுக்குச் சாட்சி சொல்லியிருக்கிறது. அவள் பிள்ளையாரைப் பிடித்துக்கொண்டிருந்தாள், அது குரங்காகி ஐந்து மாதம் ஆகிவிட்டது, அவளுக்கு மட்டும் தெரியவில்லை. இப்படியொரு படம் இருந்தால் என்ன, போனால் என்ன என்றுதான் மட்டையை எடுத்துச் சுண்ணாம்பில் முக்கினாள்.

எட்டு பத்து. தாடை போய்க்கொண்டிருந்தது. சுவர் ஓரத்திலிருந்துதான் காயும், நடுவில் கடைசியாகக் காயும், அதனால் கண்ணுக்கும் நெஞ்சுக்கு நேரே இருக்கிற கைகளுக்கும் இன்னும் கொஞ்சம் ஆயுசு இருந்தது. கைகள். அவள் மனசு எங்கே சுற்றினாலும் கடைசியில் அங்கேதான் போய் இடித்துக்கொண்டது. படத்தில் வீரணன் இரண்டு கையாலும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பான். அந்தக் கைகளில் முழங்கைவரை ஆரஞ்சு நிறக் கையுறை, பளபளவென்று, அப்போதுதான் உறையிலிருந்து எடுத்த மாதிரி. வரைந்து முடித்த மூன்றாம் நாள் வீரணன் பெண்சாதி பொன்னுத்தாயி வந்தாள். சுவருக்குப் பக்கத்திலேயேதான் தெருக்குழாய், ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். இடுப்பில் வெறும் குடத்தோடு வந்து நின்று பார்த்தாள். அப்படியே வீரணன்தான், அச்சு அசல், பேசுறாப்புல இருக்கு என்று வரிசையில் நின்ற பெண்கள் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொன்னுத்தாயி முகத்தைப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள், அப்புறம் கண்ணை இறக்கினாள். "யக்கா, இந்தக் கிளவுஸ எப்பக்கா குடுத்தாக?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறவள் மாதிரிதான் கேட்டாள். லூர்து, "இல்ல பொன்னுத்தாயி, ஒரு மரியாதைக்கு..." என்று எதையோ மென்றாள். அன்றைக்குப் பேச்சு நின்றதுதான். ஒருநாள் விட்டு ஒருநாள் இதே குழாயடியில் பார்க்கிறார்கள்; அக்கா என்ற சொல் வரவில்லை. கையுறைக்காகவா ஒருத்தி இத்தனை மாதம் பேசாமல் இருப்பாள், இதென்ன வீம்பு என்று லூர்து மனசுக்குள் முறுக்கிக்கொண்டும் இருந்திருக்கிறாள். விசாரணை நடந்த அறையில் பொன்னுத்தாயி இருந்திருப்பாள் அல்லவா. போட்டோவை நீட்டும்போது பார்த்திருப்பாள் அல்லவா. பார்த்துவிட்டு வந்தும் இந்தச் சுவருக்குக் கீழே நின்றுதானே குடம் நிரப்பியிருக்கிறாள், ஒருநாள் விட்டு ஒருநாள்.

மரியாதைக்குத்தான் போட்டாள். செத்தவனைச் சாக்கடைக்குள் இறங்கின கோலத்திலா நாலு பேர் பார்க்கிற இடத்தில் நிறுத்துவது. உயிரோடு இருந்தபோது கொடுக்காததைப் படத்திலாவது கொடுப்போம் என்று போட்டாள். கொடுப்போம். இதிலும் ஒரு 'போம்'. இல்லை, மரியாதையுமில்லை மண்ணாங்கட்டியுமில்லை. கைப்பழக்கம். தூய்மை நகரத் திட்டம் என்று நாற்பது சுவரில் சிரித்த முகமாகத் துப்புரவுக்காரரை வரைந்த கை இது. ஆபீசில் கொடுத்த மாதிரித்தாளில் தொப்பி, பூட்ஸ், ஆரஞ்சுக் கையுறை எல்லாம் ஜம்மென்று இருக்கும், கையில் நீளத் துடைப்பம். கோட்டு மேலெல்லாம் ஊசியால் ஓட்டை குத்தி, தாளைச் சுவரில் ஒட்டி, துணியில் முடிந்த கரிப்பொடியால் ஒற்றினால் புள்ளி புள்ளியாக ஆள் சுவரில் இறங்கிவிடுவான். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வர்ணம் நிரப்பலாம். வீரணன் முகத்தை அவனுடைய அடையாள அட்டைப் படத்தைப் பார்த்து, கட்டம் போட்டு, மூன்று தடவை அழித்து அழித்து வரைந்தாள். உடம்புக்கு அந்த ஓட்டைத்தாளைத்தான் ஒட்டினாள். துடைப்பத்தைக் கயிறாக மாற்றத் தோன்றியது, கையுறையைக் கழற்றத் தோன்றவில்லை. இந்த நகரம் ஒருநாளும் அவன் கையில் மாட்டிவிடாததை இந்த நகரத்தின் தாளே படத்தில் மாட்டிவிட்டது. தெரியாமல் நடந்த பிசகு, எந்தப் பெயிண்டருக்கும் நடக்கும். இப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாம். டீயை ஒரே மடக்கில் குடித்தாள். எழுந்திருக்கவில்லை. பிசகென்றால் பொன்னுத்தாயி கேட்ட அன்றைக்கே ஏணியைப் போட்டு ஏறி மாற்றியிருக்கலாமே. அரை நாள் வேலை. ஐந்து மாதமாக ஏன் மாற்றவில்லை. எதைப் பார்த்து வரைவது, அதனால்தான். அடையாள அட்டையில் முகம் மட்டும்தான் இருந்தது. அவன் கை எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

எப்படித் தெரியாமல் போகும். நாலு வருஷமாகப் பார்த்த ஆள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே சுவரில், சாரத்தின் மேல் நின்று, 'பிளாஸ்டிக்கைத் தவி' வரைக்கும் வந்திருந்தாள். ஆறாம் நம்பர் பிரஷ் விரலிலிருந்து நழுவி, பலகையில் பட்டு, திறந்து கிடந்த குழிக்குள் போய் விழுந்தது. குழிக்குள் இடுப்பளவு கழிவில் வீரணன். "யக்கா, மேல தவிர்ப்போம்னு எழுதிக்கிட்டே கீழ போடுறீகளே!" என்று அண்ணாந்து சிரித்தான். அவளும் சிரித்தாள். துழாவி எடுத்துக்கொண்டு மேலே வந்தான். நேரே குழாயடிக்குப் போனான், வேட்டி மடிப்பில் முடிந்துவைத்திருந்த சோப்புத் துண்டை எடுத்தான், பிரஷைத் தேய்த்துக் கழுவினான், ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. அவள் சாரத்தை விட்டு இறங்கிக் கையை நீட்டினாள். அவன் கையில் கொடுக்கவில்லை. நடைபாதைக் கல்லின் மேல் வைத்துவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றான். அவள் கல்லிலிருந்து எடுத்துக்கொண்டு, "நல்லா இருப்ப தம்பி" என்றாள். இவ்வளவுதான் நடந்தது. கல்லின் மூலை உடைந்திருந்தது ஞாபகம் இருக்கிறது. பிரஷின் மரக்காம்பில் தண்ணீர் சொட்டியது ஞாபகம் இருக்கிறது. வேப்பெண்ணெய்ச் சோப்பு வாசம்கூட மூக்கில் இருக்கிறது. பிரஷை வைத்த கை மட்டும் இல்லை. அந்த இடம் வெறுமையாக இருக்கிறது, இதோ இந்தச் சுவர் மாதிரி. அவள் கையை நீட்டினாள், அவன்தான் கல்லில் வைத்தான், அவனாக அப்படிப் பழகிவிட்டான், அதற்கு இவள் என்ன செய்வாள். அவளுக்கு அந்த மாதிரி எண்ணமெல்லாம் ஒருநாளும் கிடையாது. வேதக்காரக் குடும்பம், கோவிலில் எல்லாரும் ஒரே பெஞ்சில் உட்காருகிறவர்கள். கையை நீட்டினாள். நீட்டினாளா? ஒரு கையில் டப்பா இருந்தது. இன்னொரு கை? இன்னொரு கை முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மூக்கின் மேல். இரண்டு வருஷமாக நீட்டின கை என்று நினைத்துக்கொண்டிருந்த கை மூக்கின் மேல் இருந்தது. அவள் நீட்டவில்லை. அவன் வைக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றாள், அந்தக் கையைப் பார்க்காமல் இருப்பதற்காகக் கல்லைப் பார்த்தாள், அதனால்தான் கல்லின் உடைந்த மூலை இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அடிப் பாவி, என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். அமீது பாய் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "யாரம்மா?" என்றார். "நாந்தான் பாய்" என்றாள்.

மேகம் திரண்டிருந்தது. ஐப்பசி மாதம், மூன்று நாளாகத் தூறிக்கொண்டுதான் இருந்தது. ஒரு மழை வந்தால் போதும் என்று அவள் வானத்தைப் பார்த்தாள். ஒரே ஒரு தூற்றல். அதிகாரி வண்டியை விட்டு இறங்கும்போது சுண்ணாம்பெல்லாம் வழிந்தோடி முகம் வெளியே வந்து நிற்கும், தங்கமாயன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார், அவள் பெஞ்சில் உட்கார்ந்தபடி, மழைக்கு நான் என்ன செய்யட்டும் அண்ணே, நீங்க கொண்டுவந்த சுண்ணாம்புதானே என்று கையை விரிப்பாள். யாரும் அவளை ஒன்றும் சொல்ல முடியாது. சுவரும் போகாது, படமும் போகாது. மாதாவே, ஒரு தூற்றல். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். பிரஷைக் கல்லிலிருந்து எடுத்தவள் இப்போது துணிச்சலையும் வானத்திலிருந்து யாராவது கீழே வைத்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறாள். மாதாவுக்கும் அலுத்துப்போயிருக்க வேண்டும். மேகம் விலகி வெயில் வந்தது. வந்த வெயில் நேராகச் சுவரில் விழுந்தது. நெற்றி போனது. மூக்கின் ஒரு பக்கம் போனது. சுவர் அழகாக, கிறுக்கப் பிள்ளை இல்லாத வீட்டுச் சுவர் மாதிரி, கறையே இல்லாமல் வெளுத்துக்கொண்டு வந்தது. பார்க்கிறவன் சுத்தம் என்றுதான் சொல்லுவான். சாக்கடைக் குழியில் முழு மனுஷனை அமுக்கியாயிற்று, இப்போது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் அமுக்குகிறார்கள், சோறு வடித்துக் கொடுத்தது லூர்து.

எட்டரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. குடங்கள் வரிசையாக நகர்ந்தன, பச்சை, நீலம், சிவப்பு. பொன்னுத்தாயி ஆறாவது ஆளாக நின்றிருந்தாள். அவள் சுவரைப் பார்த்தாள். வெள்ளைக்குள் மிச்சமிருந்தது இரண்டு கண், ஒரு ஜோடி ஆரஞ்சுக் கையுறை. அழுவாள், இல்லையென்றால் மண்ணை வாரித் தூற்றுவாள் என்று லூர்து எதிர்பார்த்தாள், அதற்குப் பயந்துகொண்டும் இருந்தாள். பொன்னுத்தாயி திரும்பி லூர்துவைப் பார்த்தாள். கோபம் இல்லை. கூட்டமாக இருக்கிறது என்று நிற்காமல் போகிற பஸ்ஸைப் பார்க்கிற பார்வை. நீயும் இவ்வளவுதானே, தெரியும், என்கிற பார்வை. பார்த்துவிட்டுக் குடத்தைக் காலால் ஒரு முழம் முன்னால் நகர்த்தினாள். இதற்கு அவள் செருப்பைக் கழற்றியிருக்கலாம். லூர்துவுக்கு வந்தது பயம் இல்லை, பயமாக இருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஆத்திரம். தங்கமாயன் மேல், ஓட்டைத்தாள் மேல், கல் மேல், மூக்கைப் பிடித்த தன் கை மேல். வாங்குகிறவள் வாங்காமல் நின்றால் கொடுக்கிறவன் கல்லில்தானே வைப்பான். ஒரு சுவரும் கிடைக்காதாம். கிடைக்காவிட்டால் போகிறது. கடையெழுத்து இல்லையா, லாரி நம்பர் இல்லையா, கல்லறையில் பெயர் எழுதினாலும் பிழைத்துக்கொள்ளலாம். இந்த ஊர்ச் சுவரையெல்லாம் இவன் என்ன சீதனமாகவா கொண்டுவந்தான். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன. தம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு எழுந்தாள்.

பிரஷ் கழுவ வைத்திருந்த வாளித் தண்ணீர் சுவரோரத்திலேயே இருந்தது. தூக்கி வீசினாள். மூஞ்சியில் அடிக்கிற மாதிரிப் படீரென்று போய் விழுந்தது. சுண்ணாம்பு பால் பாலாக வழிந்தது. நெற்றி வந்தது, மூக்கு வந்தது, போன காது திரும்பி வந்தது, வரிசையில் யாரோ "ஆத்தாடி" என்றார்கள். வாளியைக் குழாயில் பிடித்து இன்னொரு தடவை வீசினாள். யாரும் வரிசையைக் காட்டிச் சண்டைக்கு வரவில்லை. எழுத்து வந்தது. வீரணன் முழுசாக வந்து நின்றான், கையுறையோடு. இதோடு விட்டால் தங்கமாயனின் சாட்சியைக் குளிப்பாட்டி நிறுத்தின மாதிரி ஆகிவிடும். பையிலிருந்து பட்டி பார்க்கிற தகட்டை எடுத்து, சாய்த்து வைத்திருந்த ஏணியில் ஏறினாள். கையுறையின் மேல் தகட்டை வைத்துச் சுரண்டினாள். ஓதம் ஏறிய சுவர், ஆரஞ்சு தோல் தோலாக உரிந்து வந்தது. உரிய உரிய ஒரு சந்தோஷம் வந்தது, ஐந்து மாதமாகப் பல்லில் சிக்கியிருந்ததை எடுக்கிற சந்தோஷம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். வெறும் சிமென்ட் தெரிந்தது. பழுப்பு டப்பாவைத் திறந்து, அதே ஆறாம் நம்பர் பிரஷை எடுத்து, கயிற்றைச் சுற்றி வலது கையை இழுத்தாள். முழங்கை, மணிக்கட்டு, புடைத்த நரம்பு. அதெல்லாம் தெரிந்தவரைக்கும் வந்தது, வேலை செய்கிற கை எல்லாம் அந்தமட்டுக்கு ஒன்றுதான். இடது கையையும் மணிக்கட்டுவரை இழுத்தாள்; விரலுக்கு வந்ததும் இரண்டிலும் பிரஷ் நின்றுவிட்டது. விரல்கள் எப்படி இருக்கும். குட்டையா, நீளமா, வளைந்திருக்குமா. நின்ற இடத்தில் நின்றபடி கல்லை நினைத்தாள், உடைந்த மூலையை நினைத்தாள், அதற்கு மேலே ஒன்றும் வரவில்லை.

ஜீப் வந்து நின்றது. பின்னாலேயே தங்கமாயனின் வண்டி. இறங்கி ஓடி வந்தவர் ஏணிக்குக் கீழே நின்று, அதிகாரிக்குக் கேட்காமல், பல்லைக் கடித்துக்கொண்டு, "எறங்குடி. எறங்குன்னேன்ல" என்றார். "எறங்கச் சொல்றதுலேயே இருங்கண்ணே" என்றாள் அவள், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி. "நான் எறங்க மாட்டேன்." அதிகாரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்தார், சின்ன வயசுக்காரர், கையில் ஏதோ ஒரு படிவம். முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே இருந்ததை, படிக்கத் தெரிந்த எல்லாரும் போர்டைப் படிக்கிற மாதிரி, வாய்விட்டுப் படித்தார். "இறங்கச் சொன்னது யார்?" அவர் தங்கமாயன் பக்கம் திரும்பிக்கொண்டு படித்தது தற்செயலாகத்தான் இருக்க வேண்டும்.

"ஒண்ணுமில்லய்யா, பழைய படம்" என்றார் தங்கமாயன். வெயிலில் அவருக்கு வியர்த்திருந்தது. "வெள்ளையடிச்சாச்சு, ஈரமா இருக்குறதால தெரியுது. காஞ்சா மறஞ்சிரும்யா."

வரிசையிலிருந்து பொன்னுத்தாயி வந்தாள். நிறைகுடம் இடுப்பில் இருந்தது, ஒருநாள் விட்டு ஒருநாள் வருகிற தண்ணீர், இனி நாளை மறுநாள்தான். தங்கமாயனையும் பார்க்கவில்லை, அதிகாரியையும் பார்க்கவில்லை. குடத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, புருஷன் முகத்தில் ஊற்றினாள், கடைசிச் சொட்டுவரை.

"காயட்டும், பாப்போம்" என்றாள். பின்னால் இன்னொரு குடம் நகரும் சத்தம் கேட்டது.

பிறகு வெறுங்குடத்தை இறக்கிவைத்துவிட்டு, ஏணியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். மேலே லூர்து இன்னும் பிரஷோடு நின்றிருந்தாள்.

"யக்கா" என்றாள் பொன்னுத்தாயி. "வெரலு கட்டகட்டையாத்தான் இருக்கும். எடது கட்டவெரலுக்கு நகம் கெடையாதுக்கா, குழி மூடி விழுந்து போனது. அத விட்டுறாத."

லூர்து பிரஷைப் பழுப்பில் தோய்த்தாள்.